மேல் மலைப் பெட்டிக்குத் தெரியாத வீடு

18 செப்டம்பர் 2025
எஸ்டேட் ஆபீஸ், ரிங்லெட்

அன்புத் தம்பி ரூபன்,

நீ ஜொகூர் பாருவுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. போன் பண்ணினால், "சர்வர் ஹாலுக்குள்ள போறேன்கா, உள்ள போன் கூடாது" என்கிறாய். உன் டேட்டா சென்டரில் அப்படி என்ன சாமியா குடியிருக்கிறது? வீட்டிலிருந்து பேசலாம் என்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார். அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடுதாசி போலவே எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது. "ஓகே கா" என்று ஒற்றை வரி அனுப்பினாயோ, கொன்றுவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் லீவில் வந்தபோது நம் எஸ்டேட்டுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தாயே, அதை மேனேஜர் என் தலையில் கட்டியிருக்கிறார் அல்லவா? ஆபீஸ், ஃபேக்டரி, கிளினிக், மேல் மலை டவர் என்று நாலு இடத்தில் நாலு ரூட்டர். நான் கணக்கு எழுதுகிற கிராணி வேலைக்கு வந்தவள். இப்போது மழை பெய்தால் தேயிலையைப் பார்ப்பதா, டவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம். மேல் மலை டவரில் இருக்கிற ரூட்டர் பெட்டிக்குள் வெளி ஆள் ஒருவர் அடிக்கடி நுழைந்து பார்க்கிறார். மேனேஜர் பங்களாவின் கெஸ்ட் நெட்வொர்க் அவர் கண்ணில் படக்கூடாதாம். அந்த ஒரு பெட்டியில் மட்டும், ஒரே ஒரு வழியை மட்டும் தெரியாமல் செய்ய முடியுமா? அவசரம் லா.

அப்பா நலம்.

மோகனா

*

20 செப்டம்பர் 2025
ஜொகூர் பாரு

அக்கா,

கொல்லாதே, நீளமாகவே எழுதுகிறேன்.

முடியும். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. சில வகை நெட்வொர்க்கில் ஒரு ரூட்டர் பக்கத்து ரூட்டரிடம், "அந்த இடத்துக்கு எனக்கு வழி தெரியும்" என்று சொல்லும். அது சொல்வதற்கு முன் அதன் வாயை அடைத்துவிடலாம். நான் நம் எஸ்டேட்டில் போட்டிருப்பது லிங்க் ஸ்டேட் என்கிற வகை. இதில் ஒவ்வொரு பெட்டியும் தன்னோடு எது எது ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்தச் செய்தி ஓர் எழுத்து மாறாமல் எல்லாப் பெட்டிக்கும் போய்ச் சேரும். நம் ஆறாவது லைன் வீட்டு வரிசையில் மணியம்மா அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் எப்படியோ, அப்படி.

அதனால் எல்லாப் பெட்டியிலும் ஒரே வரைபடம் இருக்கும். அதற்கு டேட்டாபேஸ் என்று பெயர். அதைப் பார்த்து அவரவர் தனக்கு வேண்டிய வழியைப் போட்டுத் தன் டேபிளில் எழுதிக்கொள்வார்கள். ஒரு வழியை மறைக்க நீ போடுகிற ஃபில்டர் டேபிளில்தான் வேலை செய்யும், டேட்டாபேஸைத் தொடாது. செய்தியையே நிறுத்த வேண்டுமென்றால் ஓர் ஏரியாவும் இன்னொரு ஏரியாவும் சந்திக்கிற எல்லையில் நிறுத்தலாம். நம் எஸ்டேட் மொத்தமும் ஒரே ஏரியா, எல்லையே இல்லை.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மேல் மலைப் பெட்டி ஒரு வழியை எழுதாமல் விட்டது மற்ற பெட்டிகளுக்குத் தெரியாது. அவை வரைபடத்தை நம்பி அதன் வழியாகவே அனுப்பும். அது வாங்கிக்கொண்டு திருதிருவென்று முழிக்கும், வந்தது அங்கேயே செத்துப்போகும். பங்களா ஆபீஸுக்குப் பின்னாலேயே இருப்பதால் அங்கே போகிற எதுவும் மலை ஏறாது, பயமில்லை. வேறு எதற்கும் இதைச் செய்யாதே.

கமாண்ட் மூன்று வரி, கீழே கொடுத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு என்ன? நேற்று போனில் மூச்சு வாங்கினார்.

ரூபன்

*

23 செப்டம்பர் 2025
ரிங்லெட்

என் தங்கத் தம்பி,

போட்டேன், வேலை செய்கிறது. மேல் மலைப் பெட்டியின் டேபிளில் அந்த வழி சுத்தமாகக் காணோம். உன் அக்கா இனிமேல் இன்ஜினியர், ஞாபகம் வைத்துக்கொள். நீ எழுதியதில் கமாண்ட் மட்டும் எனக்குப் புரிந்தது, மற்றதைச் சனிக்கிழமை நிதானமாகப் படிக்கிறேன்.

அப்பாவுக்குச் சளி. நீ போன் பண்ணினபோது படி ஏறி வந்திருந்தார், அதுதான் மூச்சு. வயது அறுபத்தெட்டு ஆகிறது, உன்னை மாதிரி துள்ளிக் குதிப்பாரா? தீபாவளிக்கு லீவு கிடைக்காது போல என்றாயே, வராவிட்டால் பரவாயில்லை. வேலையைப் பார்.

மோகனா

*

2 அக்டோபர் 2025
ஜொகூர் பாரு

அக்கா,

"வராவிட்டால் பரவாயில்லை" என்று எழுதியது நீதானா என்று மூன்று முறை பார்த்தேன். போன தீபாவளிக்கு அரை நாள் லேட்டாக வந்ததற்கு என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. என்ன நடக்கிறது அங்கே?

லீவு கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். நவம்பர் பதினொன்றோடு என் புரோபேஷன் முடிகிறது. அன்றைக்குப் பழைய ரூட்டர்களை எடுத்துப் புதியதை மாட்டுகிற பெரிய வேலையை நான் முன்நின்று செய்ய வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம். மூன்று வருஷத்துக்கு முன்பு அம்மா தவறியபோது கே.எல். வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன், அப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். இந்த முறை அவர் வாயை அடைக்கப் போகிறேன், பார்.

முறுக்கு அனுப்பு. அப்பா பிழிந்தது வேண்டாம், அது பல்லை உடைக்கும்.

ரூபன்

*

22 அக்டோபர் 2025
ரிங்லெட்

தம்பி ரூபன்,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. முறுக்கு வந்து சேர்ந்ததா?

ஓர் உதவி. கிளினிக் பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. அது நாள் முழுக்க ஈப்போ டவுனுக்கு ஏதோ டேட்டா அனுப்புகிறது. காலையில் நன்றாகப் போகிறது. மதியம் மழை வலுத்தால் ஒன்றும் போவதில்லை. மழை விட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. கிளினிக்குக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருக்கிற நேர் லிங்க் மழையில் விழும் என்று எனக்குத் தெரியும். அப்போது எல்லாம் மேல் மலை வழியாகச் சுற்றிப் போகும் என்று நீதானே சொன்னாய்? கிளினிக் கம்ப்யூட்டர் அப்படித்தான் போகிறது. இந்த மெஷின் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது?

நேற்று மதியம் மூன்று மணி நேரம் ஒன்றும் போகவில்லை. சீக்கிரம் சொல்லுடா, கெஞ்சிக் கேட்கிறேன்.

மோகனா

*

23 அக்டோபர் 2025
ஜொகூர் பாரு

அக்கா,

நீ கெஞ்சுகிற ஆள் இல்லையே.

மேல் மலைப் பெட்டியின் டேபிளை இன்று காலையிலும் பார்த்தேன். கிளினிக் நெட்வொர்க் இருக்கிறது, ஃபேக்டரி இருக்கிறது, எல்லாம் சரி. அந்த மெஷினின் எண் என்ன? எனக்கு மேனேஜர் கொடுத்த லாகின் மேல் மலைப் பெட்டிக்கு மட்டும்தான், அதிலும் டேபிள் மட்டும்தான் தெரியும். நீ டேட்டாபேஸை எடுத்து, ஒரு வரி விடாமல் காப்பி பண்ணி அனுப்பு. எந்தப் பெட்டியில் எடுத்தாலும் ஒன்றுதான்.

ரூபன்

*

24 அக்டோபர் 2025, காலை
ரிங்லெட்

ரூபன்,

மெஷினின் எண் எனக்குத் தெரியாது. மாட்டினவர் கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரெஸர் திருச்செல்வம், அவர் லீவு. டேட்டாபேஸை மேல் மலைப் பெட்டியிலிருந்தே எடுத்து இதோடு அனுப்புகிறேன். நாலு பக்கம் வெறும் நம்பர், பார்த்தாலே தலை சுற்றுகிறது.

மழைக்கு மானம் இப்போதே கறுத்திருக்கிறது. சீக்கிரம் பார்.

மோகனா

*

24 அக்டோபர் 2025, மதியம்
ஜொகூர் பாரு

அக்கா,

இதற்கு மேல் படிக்காதே. மேல் மலைப் பெட்டிக்குள் போ. செப்டம்பரில் நான் கொடுத்த ஃபில்டரை எடு. அதே மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'no' என்ற சொல்லைப் போட்டால் போதும். எடுத்துவிட்டு வா.

எடுத்தாயா? இப்போது படி.

நீ அனுப்பிய டேட்டாபேஸில் கிளினிக் ரூட்டர் சொல்கிற வரிகளில் ஒன்று 10.6.11.0. அந்த எண்ணை வைத்தவன் நான். என்றைக்காவது லைன் வீடுகளுக்கு நெட்வொர்க் கொடுத்தால் முதலில் லைன் எண், அடுத்து வீட்டு எண் என்று ஒரு தாளில் எழுதி கிளினிக் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். ஆறாவது லைன், பதினோராவது வீடு. அது நம் வீடு.

இது மேல் மலை டேட்டாபேஸில் இருக்கிறது, டேபிளில் இல்லை. பங்களாவின் நெட்வொர்க் டேபிளில் இன்றைக்கும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, நானும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நீ மறைத்தது பங்களாவை இல்லை. மேல் மலைப் பெட்டிக்குள் அடிக்கடி நுழைந்து பார்க்கிற அந்த வெளி ஆள் யார் என்று யோசித்தேன். என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மழையில் நேர் லிங்க் விழுந்ததும் ஈப்போவின் பதில் மேல் மலைக்கு வருகிறது. நம் வீட்டுக்கு வழி அதற்குத் தெரியாது, நீ அழித்துவிட்டாய். பதில் வராததால் மெஷின் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. வேறு எதற்கும் செய்யாதே என்று எழுதினேனே அக்கா.

நம் வீட்டில் எதற்குக் கிளினிக் மெஷின்? அப்பாவுக்கா, உனக்கா? சொல்லு.

ரூபன்

*

25 அக்டோபர் 2025
ரிங்லெட்

ரூபன்,

எடுத்துவிட்டேன். நேற்று மதியமும் மழை கொட்டியது, நேர் லிங்க் விழுந்தது, மெஷின் நிற்கவில்லை. ஈப்போ நர்ஸுக்கு போன் பண்ணிக் கேட்டேன், எல்லாம் வருகிறதாம். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

அப்பாவுக்குத்தான். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. ஆகஸ்டில் ஃபேக்டரி படியில் மயங்கி விழுந்தார். ஈப்போ டாக்டர் வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார், நவம்பர் பன்னிரண்டுக்கு நாள் கொடுத்திருக்கிறார். அதுவரை நெஞ்சில் ஒட்டிவைக்க ஒரு சின்ன மெஷின். துடிப்பு கோளாறானால் ஈப்போவிலிருந்து எனக்கு போன் வரும். வீட்டில் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் திருச்செல்வம் கிளினிக்கிலிருந்து நெட்வொர்க் இழுத்துக் கொடுத்தார். உன் தாளைப் பார்த்துத்தான் எண் போட்டிருக்கிறார், படுபாவி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பா அம்மா படத்துக்கு முன்னால் நிற்க வைத்து என்னிடம் சத்தியம் வாங்கினார். "அவங்கிட்ட சொன்னியோ, மறுநாளே வேலைய வீசிட்டு பஸ் ஏறிருவான். போன தடவ எட்டு மாசம் மூலையில உக்காந்திருந்தானே, அத இன்னொரு தடவ பாக்க என்னால ஆகாது" என்றார். லைனில் எல்லோருக்கும் தெரியும். மணியம்மா அக்கா தினம் ரசம் கொண்டு வருகிறார். உனக்கு மட்டும் தெரியக்கூடாது. நீ வாராவாரம் அந்தப் பெட்டிக்குள் நுழைவாய், நம் வீட்டு எண்ணைப் பார்த்த நொடியில் கண்டுபிடிப்பாய் என்றுதான் பொய் சொல்லி உன்னிடமே வழி கேட்டேன். நீ கொடுத்த வரிகளில் பங்களா எண்ணை எடுத்துவிட்டு நம் வீட்டு எண்ணைப் போட்டேன், மெஷினின் எண் தெரியாது என்றதும் பொய்தான். டேபிளில் காணாமல் போனதும் எல்லாவற்றிலும் போய்விட்டது என்று நினைத்தேன். நீ எழுதின மற்றதைப் படிக்கவே இல்லை. நேற்று ராத்திரிதான் படித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். செவ்வாய்க்கிழமை மழையில் டேட்டா நின்றபோது ஈப்போ நர்ஸ், "மெஷினக் கழட்டி வெச்சிட்டாரா?" என்று கேட்டாள். நான் நேராக வீட்டுக்குப் போய் அப்பாவைத் திட்டினேன். "என் உயிரை வாங்கவா கழட்டி வைக்கிறீங்க?" என்று கத்தினேன். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. அவரே தப்பு செய்தவர் மாதிரி, "கழட்டலம்மா, நெசமா கழட்டல" என்றார். அன்றைக்குக் காலையில் குளியலறையில் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. அது மதியம் நடந்திருந்தால் ஈப்போவுக்குத் தெரிந்தே இருக்காது. நான் போட்ட மூன்று வரி.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு. ஆனால் வராதே. அப்பா இன்னும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவில்லை. தொடை வழியாகத்தான் போவார்கள், நெஞ்சைப் பிளக்க மாட்டார்கள் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். "எந்தப் பக்கமா போனாலும் மெஷினத் திறக்கறதுதானே? நாப்பது வருஷம் ஃபேக்டரில மெஷினப் பிரிச்சு மாட்டற பிட்டரா இருந்தவன் நானு. எனக்கே பாடமா?" என்கிறார். நான் பேசிப் பார்த்துக் களைத்துவிட்டேன் தம்பி. தனியாக முடியவில்லை.

மோகனா

*

27 அக்டோபர் 2025
ஜொகூர் பாரு

அக்கா,

சனிக்கிழமை எழுதினால் வாய்க்கு வந்ததை எழுதிவிடுவேன் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். இப்போதும் கோபம்தான். லைனில் எல்லோரும் அப்பாவுக்கு ரசம் கொடுக்கிறார்கள், நான் முறுக்கு அனுப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ஆனால் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று தெரிந்தது. ஆகஸ்டிலிருந்து ஈப்போவுக்கும் ரிங்லெட்டுக்கும் தனியாக அலைந்திருக்கிறாய். ஒரு கடிதத்திலும் மூச்சு விடவில்லை. ஃபில்டருக்காக உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே. படித்துத் தேறி சம்பளம் வாங்குகிறவர்களே லிங்க் ஸ்டேட்டில் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். வரைபடத்தில் இருக்கிறதைத் தன் டேபிளில் மட்டும் அழித்துவிட்டு, எல்லோருக்கும் அழிந்துவிட்டது என்று நம்புவார்கள். நானே கே.எல். வேலையில் ஒரு முறை செய்து, முழு மாடியையும் இருட்டில் விட்டிருக்கிறேன். உனக்கு எழுதும்போது அதை மறைத்துவிட்டேன்.

பஸ் டிக்கெட் போடவில்லை. போட மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. எனக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தினம் சாயங்காலம் அவருக்கு போன் பண்ணி, மெதுவாகப் பேசி, கையெழுத்துப் போட வைக்கிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. உன்னைப் பற்றி மணியம்மா அக்காவிடம் விசாரிப்பேன்.

ரூபன்

*

3 நவம்பர் 2025
ரிங்லெட்

டேய் ரூபன்,

நீ மெதுவாகப் பேசின லட்சணத்தைக் கேள்.

சனிக்கிழமை உன்னோடு பேசி முடித்ததும் அப்பா போனைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "அவனுக்குத் தெரிஞ்சு போச்சா?" என்றார். இல்லையே என்றேன். "பொய் சொல்லாத லா. நாலு நாளா நான் என்ன சொன்னாலும் 'சரிப்பா, சரிப்பா'ங்கறான். நேத்து வேணும்னே, சூரியன் மேக்கால தாப்பா பக்கம் உதிக்குதுடான்னேன். அதுக்கும் சரிப்பாங்கறான். எம் புள்ள அப்படிப்பட்டவன் இல்ல. நான் நாளைக்கே சாகப் போற மாதிரி பேசறான்" என்றார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டேட்டாபேஸ், டேபிள், மூன்று வரி, எல்லாம். நான் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஃபேக்டரி மெஷின் கதையைக் கேட்பதுபோல, "அப்ப மேல் மலைக்கு மட்டும்தான் தெரியாதா? கிளினிக்குக்குத் தெரியுமா?" என்று விவரம் கேட்டார். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பெட்டிக்கு நீ பண்ணின மாதிரிதான் நானும் அவனுக்குப் பண்ணிட்டேன்மா" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அம்மா போனதற்குப் பிறகு இதுதான்.

மற்றது உனக்கே தெரியும், போனில் ஒரு மணி நேரம் உன்னோடு கத்தினது அவர்தானே. நான் அடுப்படியில் நின்று கேட்டேன். நீ, "ரோலிங் மெஷினுக்குப் பேரிங் மாத்தினீங்களே, அப்புறம் பதினஞ்சு வருஷம் ஓடலியா?" என்றாய் போல. "அது வேற, இது வேறடா!" என்று அப்பா கத்தினார். அப்படி என்ன வேற என்று நீ கேட்டிருப்பாய். பிறகு மெல்ல, "பயமா இருக்குடா" என்றார். நீ என்ன சொன்னாயோ எனக்குத் தெரியாது. சொல்லவும் வேண்டாம்.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. பதினொன்றாம் தேதி வேலையை நீ முழுசாக முடித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். பாதியில் விட்டுவிட்டு வந்தால் ஆபரேஷன் மேசையிலிருந்து இறங்கி வந்துவிடுவாராம். செய்யக்கூடிய ஆள்தான், உனக்கே தெரியும்.

மோகனா

*

11 நவம்பர் 2025, மாலை
ஜொகூர் பாரு

அக்கா,

முடிந்தது. பத்தொன்பது பழைய ரூட்டர் வெளியே, பத்தொன்பது புதியது உள்ளே, ஒரு வழியும் தொலையவில்லை. பாஸ் கை கொடுத்தார், வேலை நிரந்தரம். லெட்டரைப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன், அப்பாவிடம் காட்டு. பெரிதாக்கிக் காட்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

இன்று ராத்திரி பஸ்ஸில் இடமில்லை, நாளைக் காலை ஆறரை மணி பஸ்தான் கிடைத்தது. ஈப்போ வந்து சேர மதியம் தாண்டிவிடும். அவர் உள்ளே போகும்போது நான் இருக்க மாட்டேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொள், என் கணக்குக்கும் சேர்த்து.

ரூபன்

*

12 நவம்பர் 2025, காலை 8.50
ஈப்போ

தம்பி,

உள்ளே போய்விட்டார். பயமா என்று கேட்டேன். "டாக்டர் சின்னப் பையன், ஸ்பேனரப் புடிக்கத் தெரியுமான்னு பாக்கணும்" என்றார். உன் லெட்டரை நேற்றிலிருந்து எத்தனை முறை பார்த்தார் தெரியுமா? பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனத் தாத்தாவுக்கும் காட்டியாகிவிட்டது.

நேற்று ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு முதலில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம், ஒரே ஒரு பெயர்தான் எழுதலாம். நான் நிரப்பப் போனேன். "கொடு, நானே எழுதறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். உன் பெயரை எழுதினார். உன் போன் எண்ணைப் பார்க்காமலே எழுதினார். மூன்று மாதம் நாய் மாதிரி அலைந்தவள் நான், பக்கத்தில் நிற்கிறவளும் நான். ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "அவங்கிட்டருந்து மூணு மாசம் மறச்சேனே. இனிமே எதுன்னாலும் மொதல்ல அவனுக்குத் தெரியட்டும்மா" என்றார். சரிப்பா என்றேன்.

மாடியில் நிற்க விடவில்லை. கீழே கேன்டீனுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். போனில் சார்ஜ் சுத்தமாக இல்லை. சார்ஜரை வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதை அனுப்பிவிட்டு அணைத்து வைக்கிறேன், அப்பப்போ திறந்து பார்க்கிறேன்.

சீக்கிரம் வாடா.

மோகனா

*

12 நவம்பர் 2025, மதியம் 12.40
பஸ்ஸில், தஞ்சோங் மாலிம் தாண்டி

அக்கா,

ஒன்பது முறை போன் அடித்துவிட்டேன். அணைத்தே வைத்திருக்கிறாய். திறந்ததும் முதலில் இதைப் பார்.

ஃபாரத்தில் என் பெயர் இருந்ததால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் கூப்பிட்டார்கள். நீ அந்தக் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய், நான் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன், எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பக்கத்து சீட் மலாய்க்கார அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

அப்பா நன்றாக இருக்கிறார். வால்வு மாற்றியாகிவிட்டது. துடிப்பு சீராக இருக்கிறதாம்.

கேன்டீனில் உட்காராதே. மூன்றாவது மாடிக்கு ஓடு. கண் விழித்ததிலிருந்து, "மோகனா எங்க, மோகனா எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

ரூபன்